அச்சில் முதலில் வந்தவர்

ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னு எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசைப் பற்றிக் கேட்காதே, அது கீழே வருகிறது. அப்பா காதுக்கு மருந்து விட்டுக்கொள்கிறாரா, இல்லை மருந்துப் புட்டி அலமாரியில் அழகுக்கு நிற்கிறதா?

நேற்று துறைத் தலைவர் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேசைமேல் என் முதல் பருவக் கட்டுரை கிடந்தது. பக்கத்தில் நூலகத்துப் புத்தகம் ஒன்று விரித்து வைத்திருந்தது. இரண்டிலும் சிவப்புக் கோடு, ஒரே இடங்களில். எனக்குப் பாடம் எடுக்கும் பேராசிரியரும் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர்தான் பேசினார்.

"இது யாரு எழுதினது?"

"நான்தான் சார்."

"எழுதினது நீதான். யோசிச்சது யாரு?"

நான் புத்தகத்தைக் காட்டினேன். "அப்ப அந்தப் புத்தகத்தோட பேரு உன் கட்டுரைல எங்க இருக்கு?" என்றார். பேரைப் போட வேண்டும் என்றே எனக்குத் தெரியாது, அக்கா. "எங்க ஸ்கூல்ல புத்தகத்துல இருக்கற மாதிரியே எழுதினாத்தான் சார் மார்க்கு" என்றேன். பேராசிரியர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. என் கோப்பில் 'முதல் தவறு' என்று எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கினார். இன்னொரு தடவை நடந்தால் படிப்பை விட்டு வெளியேற்றுவார்களாம்.

அறைக்கு வந்து கட்டிலில் விழுந்தவள் சாப்பிடக்கூடப் போகவில்லை. என் அறைத்தோழி சட்டம் படிக்கிறாள், விடுதியில் எல்லோருக்கும் அவள் 'வக்கீல்'. அவள்தான் தட்டில் எடுத்துவந்து கொடுத்து, "இது நேத்து சாப்பாட்டிலேருந்து எடுத்தாண்டது, மேற்கோள் குறி இல்லாம. அவங்க கோப்புல யாரு எழுதறது?" என்றாள். சிரித்தேன், பிறகு அழுதேன்.

அப்பாவிடம் சொல்லிவிடாதே.

உன்
சின்னு

*

ஆகஸ்ட் 27

சின்னு,

நாங்கள் இருவரும் இருக்கிறபடி இருக்கிறோம். மருந்துப் புட்டி நீ சொன்ன இடத்தில்தான் நிற்கிறது. அப்பாவிடம் சொல்லாதே என்கிறாய். அவருக்குக் கேட்கிற மாதிரி ஒன்றைச் சொன்னால் தெருவுக்கே கேட்கும். உன் மானத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. ஐந்தாம் வகுப்பில் பதிலில் ஒரு 'மேலும்' விட்டுப்போயிற்று என்று மதிப்பெண் குறைத்தார்கள், நீ சாயங்காலம்வரை அழுதாய். அப்போது புத்தகத்தில் இருக்கிறபடி எழுதாததற்கு அடி, இப்போது எழுதியதற்கு அடி. எந்த வயதில் சட்டத்தை மாற்றினார்கள் என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாவிட்டாலும் சட்டம் சட்டம்தான். எங்கள் செருப்புத் தொழிற்சாலையில் தினமும் அதைத்தான் பார்க்கிறேன்.

தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள். அந்த வக்கீலிடம் கேள், நல்ல பெண்ணாகத் தெரிகிறாள். வெட்கப்பட்டுக்கொண்டு மூலையில் உட்காராதே. இந்த வீட்டிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பைத் தாண்டியது நீ ஒருத்திதான். திரும்பி வந்தால் உனக்கும் எனக்குப் பக்கத்தில் பசை அறையில் ஒரு ஸ்டூல் போடுவார்கள், அவ்வளவுதான்.

எழுத்து கோணலாக இருந்தால் பேனாமேல் பழி போடு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

*

நவம்பர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே மழை விடாமல் பெய்து எனக்குச் சளி பிடித்து விட்டுவிட்டது. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள்? போன விடுமுறையில் வந்தபோது உனக்கும் இருமல் இருந்ததே, குறைந்ததா?

நான் இப்போது வேறு ஆள். வக்கீல் இரண்டு மாதமாக என்னைப் பிழிந்து எடுத்துவிட்டாள். ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்தால் இரட்டை மேற்கோள் குறி. என் சொற்களில் மாற்றி எழுதினாலும் யாருடைய கருத்து என்று சொல்ல வேண்டும். பக்கத்தின் அடியில் எண் போட்டு, எந்தப் புத்தகம், எந்த ஆண்டு, எந்தப் பக்கம் என்று எழுத வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு பிடித்துப்போயிற்று. ஒவ்வொரு வரிக்கும் ஒரு வீடு இருக்கிறது, வீட்டில் ஆள் இருக்கிறார், கதவைத் தட்டிக் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும், அவ்வளவுதானே. மரியாதையான காரியம். இதை ஏன் முன்பே யாரும் சொல்லித்தரவில்லை என்றுதான் இப்போது ஆற்றாமையாக இருக்கிறது.

ஆய்வேட்டுக்குத் தலைப்பு கொடுத்துவிட்டேன். செருப்புத் தொழிற்சாலைகளில் பசை ஒட்டும் பெண்கள். அந்தப் பேராசிரியரே எனக்கு வழிகாட்டி. கோப்பில் கறை உள்ளவளை ஏற்றுக்கொண்டாரே என்று எல்லோருக்கும் ஆச்சரியம். விடுமுறையில் உன் தோழிகள் ஆறு பேரிடம் பேசி எழுதிக்கொண்டேன் அல்லவா, அது போதாது. நீ சொன்னது வேண்டும். அன்றைக்கு அப்பா நடுநடுவே "என்ன, என்ன" என்று கேட்டதில் உன்னிடம் பாதிதான் எழுத முடிந்தது. வேலையில் சேர்ந்த நாள் முதல் கைக்கும் காலுக்கும் என்ன ஆயிற்று என்று உன் சொற்களிலேயே கடிதமாக எழுதுகிறாயா?

உன்
சின்னு

*

டிசம்பர் 5

சின்னு,

சளியில் தலைக்குக் குளிக்காதே. அப்பா சௌக்கியம், சாப்பாட்டில் உப்பு இல்லை என்று திட்டும் அளவுக்குச் சௌக்கியம்.

நீ கேட்டதை எழுதுகிறேன். எழுதி முடிக்க இரண்டு ஞாயிறு ஆயிற்று.

எங்கள் அறையில் ஜன்னல் இருக்கிறது, ஆனால் திறக்கக் கூடாது. தூசி வந்தால் சோல் ஒட்டாது. பசை டின்னைத் திறந்ததும் வருகிற வாசனை முதல் மாதம் தலையை வலிக்கவைத்தது. அப்புறம் அது இல்லாத ஞாயிற்றுக்கிழமைதான் தலை வலித்தது. நான் இடதுகைக்காரி ஆகையால் மேஜையின் ஓரத்தில், கதவுக்கு எதிர்ப்பக்கம் உட்காரவைத்தார்கள். இல்லாவிட்டால் பக்கத்திலிருப்பவள் பிரஷ்ஷோடு என் பிரஷ் இடிக்கும். அங்கே காற்று இன்னும் குறைவு.

ஐந்தாவது வருடம் கால்விரல் மரத்தது. செருப்பு கழன்று பின்னால் கிடக்கும், நான் வெறுங்காலோடு நடந்துகொண்டிருப்பேன், யாராவது கூப்பிட்டுச் சொல்வார்கள். செருப்புத் தொழிற்சாலைக்காரிக்குக் காலில் செருப்பில்லை என்று அறை முழுக்கச் சிரிப்பு, நானும்தான் சிரித்தேன். இப்போது கை. சட்டைக்குப் பொத்தான் போடும்போது என் விரல் என் கையில்தான் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் நம்புகிறேன். விளக்கு அணைந்தால் எனக்குக் கை கிடையாது.

இதை அப்பாவுக்குச் சொன்னதில்லை. உனக்கும் நீ கேட்டதால்தான் சொல்கிறேன்.

ஒரே ஒரு பேச்சு. என் பேர் வரக் கூடாது. நான்தான் என்று கண்டுபிடிக்கும்படி எதுவும் வரக் கூடாது. மேனேஜர் படிக்கிற ஆள். தொழிற்சாலைகள் எல்லாம் ஒருவருக்கொருவர் தெரிந்தவை. ஒரு கதவு மூடினால் எல்லாக் கதவும் மூடும்.

மற்றபடி உன் இஷ்டம். நன்றாக எழுது.

அக்கா

*

பிப்ரவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

நான் தூக்கமில்லாமல் இருக்கிறேன், ஆனால் சந்தோஷமாக. நீ மருத்துவரிடம் காட்டினாயா? "போகலாம் போகலாம்" என்று எழுதாதே. போய்விட்டு எழுது.

உன் கடிதத்தைப் படித்த நாள் நான் வகுப்புக்குப் போகவில்லை. அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை. அதை அப்படியே என் மூன்றாம் அத்தியாயத்தில் வைத்தேன். மற்ற ஆறு பேர் சொன்னது சுற்றி நிற்கிறது, நடுவில் நீ. பேராசிரியர் ஒரே மூச்சில் படித்தாராம். கூப்பிட்டனுப்பினார்.

"நல்லா இருக்கு. நல்லா இருக்கறதாலதான் சந்தேகமா இருக்கு. நீ ஏற்கெனவே ஒரு தடவ மாட்டினவ. இந்த விரல் விஷயம் நிஜமா ஒரு ஆள் சொன்னதா, எங்கயாவது படிச்சதா?"

"நிஜமா சொன்னது சார்."

"சொன்னதுன்னா போதாது. ஆதாரம் காட்டு."

எனக்கு முகம் சுட்டுவிட்டது. ஓடிப்போய் உன் கடிதத்தையும் நான் எடுத்த குறிப்புகளையும் கொண்டுவந்து கொடுத்தேன். பதினைந்து நாள் கழித்துத் திருப்பித் தந்தார். "இனிமே உன்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது" என்று முதுகில் தட்டினார். எத்தனை நாள் கழித்து நிமிர்ந்து நடந்தேன் தெரியுமா.

நீ பயப்படாதே. ஆய்வேட்டில் உனக்குப் பத்து வயது கூட்டிவிட்டேன். வலதுகைக்காரி ஆக்கிவிட்டேன். கதவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டேன். உன்னை ஆள் தெரியாமல் ஆக்குவதற்காக அப்பாவையும் இல்லாமல் செய்துவிட்டேன், அவரிடம் சொல்லாதே, சண்டைக்கு வருவார். அடிக்குறிப்பில் 'தொழிலாளி ஒருவரின் கடிதம், பெயர் மறைக்கப்பட்டது' என்று மட்டும் இருக்கிறது.

உன்
சின்னு

*

ஏப்ரல் 24

சின்னுவுக்கு அக்கா சொல்ல அப்பா எழுதுவது.

உன் அக்காவுக்குக் கையில் சுளுக்கு என்கிறாள், அதனால் என்னை எழுதச் சொன்னாள். அவள் வாயசைவைப் பார்த்து எழுதுகிறேன். தப்பு இருந்தால் அவள் வாயின் தப்பு.

நான் நன்றாக இருக்கிறேன். பதில் போடத் தாமதம், ஏனென்றால் வேலை அதிகம். (வேலை இல்லை என்று எழுதாதே என்கிறாள். நான் எங்கே எழுதினேன்.) இப்போது கொஞ்ச நாள் லீவில் இருக்கிறேன். ஆர்டர் குறைவு. எல்லோருக்கும்தான் லீவு. மருத்துவரிடம் காட்டியாயிற்று. வைட்டமின் மாத்திரை கொடுத்தார்.

உன் ஆய்வேடு முடிந்ததா? அதை யார் யார் படிப்பார்கள்? என் கடிதத்தை உன் பேராசிரியர் திருப்பித் தந்தாரே, அதை வேறு எங்காவது எழுதிவைத்துக்கொண்டாரா? சும்மாதான் கேட்கிறேன். ஒன்றுமில்லை. நீ பரீட்சையைப் பார்.

இதோடு அவள் எழுந்து போய்விட்டாள். என் ஆசீர்வாதம். வெயில் கடுமையாக இருக்கிறது, தண்ணீர் நிறையக் குடி.

அப்பா

*

மே 12

அக்கா,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, மன்னித்துவிடு. நீ சும்மா கேட்ட கேள்விக்குப் பதில் எனக்கு இப்போதுதான் கிடைத்தது.

என் ஆய்வேட்டைப் படிக்க வெளியிலிருந்து வந்த தேர்வாளர், மூன்றாம் அத்தியாயம் மார்ச் மாத ஆய்விதழில் அச்சான ஒரு கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்று எழுதிக்கொடுத்துவிட்டார். கட்டுரை என் பேராசிரியருடையது. நூலகத்துக்கு ஓடினேன். நின்றபடியே படித்தேன். ஆறு பெண்களும் இருக்கிறார்கள், நான் வைத்த அதே வரிசையில். நடுவில் நீ இருக்கிறாய். வலதுகைக்காரியாக இல்லை, அக்கா. இடதுகைக்காரியாக, கதவுக்கு எதிர்ப்பக்கம், காது கேளாத தகப்பனோடு வாழ்பவளாக. என் ஆய்வேட்டிலிருந்து எடுத்திருந்தால்கூட நீ மறைந்திருப்பாய். அவர் உன் கடிதத்திலிருந்தும் என் குறிப்புகளிலிருந்தும் எடுத்திருக்கிறார். விரல் வரி தனிப் பத்தியாக நிற்கிறது. கீழே அடிக்குறிப்பு: 'கட்டுரையாளர் எடுத்த நேர்காணல்.'

விசாரணைக் குழு முன்னால் நிறுத்தினார்கள். தலைவர், இன்னும் இரண்டு பேர், அவர். என் கோப்பு திறந்து கிடந்தது, 'முதல் தவறு' என்ற பக்கம் மேலே.

"நான்தான் சார் அவங்ககிட்ட கேட்டு எழுதினேன். பேர் மறைச்சதுன்னு குறிப்புல போட்டிருக்கேன்."

"அவரும் அப்படித்தான் போட்டிருக்கார். அவரோடது மார்ச்சுல வந்தாச்சு. உன்னோடது ஏப்ரல் கடைசில வந்தது. அச்சுல யாரு முதல்ல வந்தாங்களோ அவங்கதான் ஆதாரம். இது உனக்குத் தெரியாதா?" என்றார் தலைவர்.

தெரியும். அதைத்தான் இத்தனை மாதம் படித்தேன்.

வெளியே வராந்தாவில் பேராசிரியர் மெதுவாகப் பேசினார், கோபமே இல்லை. "நான் உன்னைக் கைவிடல. அந்த அத்தியாயத்துல என் கட்டுரைக்கு ஒழுங்கா அடிக்குறிப்பு போட்டுக் குடு, கவனக்குறைவுன்னு முடிச்சுடலாம். இல்லாட்டி இது ரெண்டாவது தவறு. நான் நினைச்சாலும் காப்பாத்த முடியாது."

வக்கீல் கொதிக்கிறாள். "கடுதாசிய மேசைமேல வை. தேதி இருக்கு, தபால் முத்திரை இருக்கு, உன் பேருக்கு வந்திருக்கு. அஞ்சு நிமிஷத்துல அந்த ஆளுக்கு வேர்த்துடும்" என்கிறாள். அவள் சொல்வது சரிதான். ஆனால் கடிதத்தை வைத்தால் உன் பேரையும் வைக்கிறேன். எழுதியவளைக் கூப்பிட்டு விசாரிப்போம் என்பார்கள்.

இந்த மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். கேட்காமல் ஒன்றும் செய்ய மாட்டேன். வைக்கலாமா?

சின்னு

*

மே 21

என் சின்ன மகளுக்கு அப்பாவின் ஆசிகள்.

இந்தக் கடிதம் நான் எழுதியது என்று அக்காவிடம் சொல்லாதே. தபால் பெட்டிவரை நானே நடந்து போய்ப் போடுகிறேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அவள் மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். இரண்டு நாள் பேசவில்லை. எனக்கு எப்போதும் யாரும் பேசாத மாதிரிதான், ஆனாலும் தெரியும்.

அவள் லீவில் இல்லை. ஏப்ரல் தொடக்கத்திலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். அந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு நாளிதழில் அரைப் பக்கம் வந்ததாம். மேனேஜர் அதை மேசைமேல் விரித்துவைத்து, "இங்க இடதுகைக்காரி ஒருத்திதான்" என்றாராம். அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். மூன்று இடத்தில் போய்க் கேட்டாள். வாசலிலேயே பேரைக் கேட்டுவிட்டு உள்ளே போகிறவர்கள் திரும்பி வருவதில்லை. இப்போது தூரத்தில் பை தைக்கிற இடம் ஒன்றில், தன் பேருக்குப் பதில் அத்தையின் பேரைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். அங்கேயும் பசை வேலைதான், வலது கையால் பிரஷ் பிடிக்கப் பழகுகிறாள். சமையலறையில் தண்ணீரைத் தொட்டுச் சுவரில் தடவித் தடவிப் பார்க்கிறாள்.

நாளிதழில் வந்த பிறகு அந்த அறையைப் பார்க்க அதிகாரிகள் வந்தார்களாம். இரண்டு மின்விசிறி மாட்டினார்கள். அவர்கள் போனதும் ஒன்றைக் கழற்றிவிட்டார்கள். ஒன்று இன்னும் ஓடுகிறது என்று உன் அக்கா சொன்னாள். சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. அதனால் அதையும் எழுதினேன்.

நீ என்ன செய்தாலும் அவள் பேர் வரும்படி செய்யாதே. உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, நான் போன பிறகு அவள் கையை ஊன்றி நிற்க ஓர் இடம் வேண்டும்.

அப்பா

*

மே 23

சின்னு,

நலம்தான் இருவரும். நானே எழுதுகிறேன். கோடு மேலும் கீழுமாகப் போகிறது, பொறுத்துப் படி.

கடிதத்தை வைக்காதே. அவர் பேரையே போடு.

நிறைய யோசித்துவிட்டுத்தான் சொல்கிறேன். வரி என்னுடையது என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். மூன்றாவது ஆளுக்குத் தெரிந்து எனக்கு என்ன ஆகப்போகிறது. நீ படித்து முடித்தால் ஆகும்.

இங்கே வராதே. எனக்கு லீவு முடிந்து வேலைக்குப் போக வேண்டும், நீ வந்தால் உன்னைக் கவனிக்க ஆள் இல்லை.

அக்கா

*

ஜூலை 18

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். உன் வேலை எப்படி இருக்கிறது? லீவு முடிந்து போகிறாய் அல்லவா. அங்கே ஜன்னலைத் திறக்கிறார்களா?

முடிந்துவிட்டது. நான் தேறிவிட்டேன். மூன்றாம் அத்தியாயத்தை ஒரே இரவில் மாற்றினேன். அதிகம் மாற்ற ஒன்றுமில்லை, எண் போட்டு அடியில் பேர் எழுதுவதுதானே. பதினோரு இடத்தில் அவர் பேர். ஆறு பெண்களுக்கும் அவர்தான், உனக்கும் அவர்தான். தட்டச்சு செய்பவர், "ஏம்மா, இவரு உனக்கு ரொம்ப உதவியிருக்காரு போல" என்றார். ஆமாம் என்றேன்.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த அந்தத் தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திருப்பி விரல் வரியை உரக்கப் படித்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது, அக்கா. நல்ல மனிதர். "இந்த மாதிரி ஒரு வாக்கியத்தைத் தொழிலாளிகிட்டேருந்து வாங்கறது லேசில்ல" என்று என் பேராசிரியரைப் பார்த்துச் சொன்னார். அவர் தலையைக் குனிந்துகொண்டார், அடக்கமாக. பிறகு என்னிடம், "மூலம் சரியா குறிச்சிருக்கீங்க. முதல் பருவத்துல ஏதோ தவறு நடந்ததாமே, இப்ப நல்லா கத்துக்கிட்டீங்க" என்றார்.

நன்றி சார் என்றேன்.

வக்கீல் அறையை மாற்றிக்கொண்டு போய்விட்டாள். சண்டை போடவில்லை. "உன் இடத்துல நான் இருந்தா என்ன பண்ணியிருப்பேன்னு எனக்குத் தெரியல. ஆனா உன்னப் பாத்தா எனக்கு சட்டம் படிக்கப் பிடிக்கல" என்று சொல்லிவிட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டாள். அவள் கட்டில் காலியாகக் கிடக்கிறது.

ஊருக்குத் திரும்பத்தான் நினைத்தேன். நீ வராதே என்றாய். பேராசிரியர் துறையிலேயே ஒரு வேலை பார்த்துக் கொடுத்தார். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு, ஆதாரங்களை முறையாகக் குறிப்பிட்டு எழுதுவது எப்படி என்று வாரம் இரண்டு வகுப்பு. "அந்தத் தப்பைச் செஞ்சு திருந்தினவங்கதான் நல்லா சொல்லித்தருவாங்க" என்று தலைவரிடம் சொன்னாராம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். வேலை இல்லாமல் வந்து உன் முன்னால் எப்படி நிற்பது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று முதல் வகுப்பு. கரும்பலகையில் மேற்கோள் குறி, அடிக்குறிப்பு, நூற்பட்டியல் எல்லாம் எழுதினேன். ஒவ்வொரு வரிக்கும் ஒரு வீடு இருக்கிறது என்று ஆரம்பித்துவிட்டு அதற்குமேல் போக முடியாமல் தண்ணீர் குடித்தேன். கடைசி வரிசையில் ஒரு பெண் கை தூக்கினாள்.

"மேடம், நாம ஆதாரமா காட்டறவரே வேற யார்கிட்டயாவது எடுத்திருந்தா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கதவு திறந்திருந்தது, வராந்தாவில் யாரோ நடந்து போனார்கள்.

"அச்சில இருக்கறத எழுதினா போதும்" என்றேன்.

அந்தப் பெண் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

உன்
சின்னு

*

செப்டம்பர் 2

சின்னு,

உன் ஆய்வேட்டின் பிரதி வந்தது. கெட்டி அட்டை, தங்க எழுத்தில் உன் பேர். அப்பா தெருவில் நாலு வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தார். பிறகு எனக்குப் படித்துக் காட்டினார். அவர் படிப்பது அவருக்கே கேட்காது என்பதால் கத்திப் படித்தார், ஜன்னலைச் சாத்தினேன். மூன்றாம் அத்தியாயத்தில், "பேராசிரியர் தம் கட்டுரையில் குறிப்பிடுவதுபோல" என்று வந்த இடத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். மேலே படிங்கப்பா என்று கையைக் காட்டினேன். கடைசிவரை படித்தார். நன்றாக எழுதியிருக்கிறாய். எங்கேயும் தடுக்கவில்லை.

அப்பா உனக்கு எழுதினார் என்று எனக்குத் தெரியும். தபால்தலை ஒன்று குறைந்திருந்தது. ஆகவே நீ தெரியாத மாதிரி எழுத வேண்டியதில்லை, நானும் லீவு என்று எழுத வேண்டியதில்லை. நமக்குள் அந்தச் சிரமம் தீர்ந்தது.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். இல்லை. இருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். நடந்தது வேறு. போன வாரம் பை தைக்கிற இடத்தில் ஒன்று நடந்தது. வந்ததும் உனக்கு எழுத வேண்டும் என்று மனம் பழக்கப்படி ஓடியது. உட்கார்ந்து இரண்டு வரி எழுதினேன். எழுதும்போதே, இதை யார் படிப்பார்கள், இதில் என்னை எதை வைத்துக் கண்டுபிடிப்பார்கள், எதை மாற்ற வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் தங்கைக்கு எழுதுகிற கடிதத்தில். கிழித்துவிட்டேன்.

அதனால் இனி வேலையைப் பற்றி எழுத மாட்டேன். உடம்பைப் பற்றியும் எழுத மாட்டேன். நீயும் கேட்காதே. கேட்டால் எனக்குச் சொல்லத் தோன்றும். அது தோன்றாமல் இருப்பதுதான் இப்போது எனக்கு நல்லது. வா என்று சொல்கிறபோது வா. அதுவரை அங்கேயே இரு, வகுப்பெடு, வேளைக்குச் சாப்பிடு.

இங்கே மூன்று நாளாக மழை. துவைத்த துணி எதுவும் காயவில்லை, வீடு முழுக்கக் கொடி கட்டியிருக்கிறோம். அப்பா நடக்கும்போதெல்லாம் ஈரத் துணி முகத்தில் அடிக்கிறது என்று திட்டுகிறார்.

அவர் நலம். நானும்.

அக்கா